ரத்தமும் தட்டணுவும் தொடர்ந்து கொடுப்பவருக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் டோனர் அட்டையில் இதுவரை 64 பதிவுகள். 23 முறை முழு ரத்தம், 41 முறை தட்டணுக்கள், அதாவது ரத்தக்கசிவை நிறுத்த உதவும் அணுக்கள். பிளேட்லெட் என்றால்தான் பலருக்குப் புரியும், ஆனாலும் இங்கே தட்டணு என்றே எழுதுகிறேன். அட்டையைப் பார்த்து வியந்தவர்கள், திட்டியவர்கள், தாங்களும் கொடுக்கலாமா என்று தயங்கியவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள் இவை. ரத்தம் பெறுபவருக்கு என்ன நன்மை என்பதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பேச்சு கொடுப்பவரைப் பற்றி மட்டும். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பு விஷயத்தில் கடைசி வார்த்தை ரத்த வங்கி மருத்துவருடையது.

வலிக்குமா?

வலிக்கும். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லி உட்கார வைப்பார்கள். எனக்குத் தெரிந்து எந்த எறும்பும் 16 கேஜ் ஊசியோடு வருவதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனை ஊசியைவிட இது தடிமன். மெல்லிய ஊசி வழியாக இழுத்தால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும், நேரமும் ஆகும். தோலைத் துளைக்கும் அந்த இரண்டு வினாடிதான் வலி. பிறகு கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு மட்டும் மிஞ்சும்.

பழகினால் பயம் போய்விடுமா என்றும் கேட்பார்கள். போக வேண்டிய அவசியமே இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954-இல் தொடங்கி 2018-இல் தன் 81-ஆவது வயதில் ஓய்வு பெறும்வரை 1,173 முறை கொடுத்தவர். அவருடைய ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருந்த அரிய ஆன்டி-டி எதிர்ப்பொருள், தாய்க்கும் கருவுக்கும் ரத்தத்தின் ஆர்எச் வகை (பாசிட்டிவ், நெகட்டிவ்) ஒத்துப்போகாத கர்ப்பங்களில் குழந்தைகளைக் காக்கும் மருந்தாயிற்று. அந்த மனிதருக்கு ஊசி என்றால் ஆகாது. ஒரு முறைகூடத் தன் கையில் ஊசி ஏறுவதை அவர் பார்த்ததில்லை. கூரையைப் பார்ப்பார், நர்ஸைப் பார்ப்பார். நானும் இன்றுவரை முகத்தைத் திருப்பிக்கொள்கிற கட்சிதான்.

எவ்வளவு எடுப்பார்கள்? எப்போது திரும்ப ஊறும்?

முழு ரத்தம் என்றால் பெரும்பாலும் 350 அல்லது 450 மில்லி. வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

"ரெண்டே நாள்ல ஊறிடும்" என்று சொல்வது பாதி உண்மை. உடம்பு இந்தக் கடனை மூன்று தவணையாகக் கட்டுகிறது. பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் பழைய எண்ணிக்கைக்கு வர நான்கு முதல் எட்டு வாரம். மூன்றாவது தவணை இரும்புச்சத்து. அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை, ஆனால் தொடர்ந்து கொடுப்பவரைப் படுத்துவது அதுதான். 450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாதாரணச் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மயக்கம் வருமாமே?

எல்லோருக்கும் இல்லை. முதல்முறை கொடுப்பவர்கள், வயதில் சின்னவர்கள், எடை குறைந்தவர்கள், வெறும் வயிற்றோடு வந்தவர்கள், இவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தம் குறைந்தது மட்டும் காரணமில்லை. பயமும் ஊசியின் உணர்வும் சேர்ந்து ஒரு நரம்பைத் தூண்டிவிட, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று சரியும். ரத்தத்தைப் பார்த்தாலே விழுகிறவர்களுக்கும் நடப்பது இதேதான்.

எனக்கு அது ஒரே ஒருமுறை நடந்தது, நான்காவது தானத்தில். எல்லாம் முடிந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய வீராங்கனை மாதிரி உடனே எழுந்து நடந்தேன். முதலில் காது அடைத்தது. அறையில் இருந்தவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை. பார்வையின் ஓரங்கள் சாம்பலாகிக்கொண்டே வந்து நடுவில் ஒரு நாணயம் அளவுக்குத்தான் வெளிச்சம் இருந்தது. அடுத்த நினைவு, தரையில் கிடக்கிறேன், கால்கள் ஒரு நாற்காலிமேல் இருக்கின்றன, ஒரு நர்ஸ் "கண்ண மூடாதீங்க, என்னைப் பாருங்க" என்கிறார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வெட்கம் போகத்தான் ஒரு மாதம் ஆனது.

அதிலிருந்து நான் விடாமல் செய்வது மூன்று. ஊசிக்கு அரைமணி முன்னால் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடுவேன். ரத்தம் போகும்போது தொடையையும் வயிற்றையும் சில வினாடி இறுக்கி விடுவேன், திரும்ப இறுக்குவேன். முடிந்ததும் அவர்கள் சொல்லும் நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகப் படுத்திருப்பேன். முதல் இரண்டும் பலன் தருவதாக ஆய்வுகளே சொல்கின்றன. மூன்றாவது என் அனுபவம்.

தட்டணு தானம் எப்படி வேறுபடுகிறது?

முழு ரத்த தானம் பத்து நிமிடச் சமாச்சாரம். தட்டணு என்றால் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் நாற்காலியோடு கட்டிப்போட்ட மாதிரிதான். ஊசி வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அங்கே வேகமாகச் சுழலும் ஒரு கலத்தில் எடைக்கு ஏற்ப ரத்தம் அடுக்கடுக்காகப் பிரியும். தட்டணுக்களையும் கொஞ்சம் பிளாஸ்மாவையும் மட்டும் பையில் பிடித்துக்கொண்டு மீதியை உங்கள் உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒரே ஊசி என்றால் இழுப்பதும் விடுவதும் மாறி மாறி நடக்கும். கையைச் சுற்றிய பட்டை இறுகினால் போகிறது, தளர்ந்தால் திரும்புகிறது. நாலைந்து சுற்று முடிவதற்குள் அந்தத் தாளம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

திரும்பி வரும் ரத்தம் கொஞ்சம் ஆறியிருக்கும். முழங்கையிலிருந்து தோள் நோக்கி ஒரு குளிர் ஊர்ந்து ஏறுவது தெரியும். போர்வை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பையில் சேர்வது சிவப்பாக இருக்காது. வெளிறிய மஞ்சள், லேசாகக் கலங்கிய நிறம். வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டு நூல் சுழல்வது போல ஒரு மினுமினுப்பு தெரியும். தட்டணுக்கள் உயிரோடும் நல்ல உருவத்தோடும் இருப்பதற்கு அது அடையாளமாம். எனக்கு முதல்முறை அதைக் காட்டிய டெக்னீஷியன், குழந்தையை ஏந்துவது போலப் பையை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

இந்த இயந்திரம் வந்த கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். மகன் சிகிச்சை பெற்ற அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில், ரத்தத்தைப் பையில் எடுத்து, பிரித்து, மீதியைத் திரும்ப ஏற்றும் சிரமத்தைக் கண்ட அவர், ஓடும் ரத்தத்தையே பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்யலாம் என்று முன்வந்தார். லுக்கேமியா எனும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் ரத்தக்கசிவைத் தட்டணு கொடுத்து நிறுத்த முடியும் என்று காட்டிய மருத்துவர் எமில் ஃப்ரைரைக் அங்கே இருந்தார். இருவரும் சேர்ந்ததில் பிறந்த இயந்திரத்தின் வாரிசுகள்தான் இன்று நம் பக்கத்தில் உறுமிக்கொண்டிருப்பவை.

இயந்திரம் ஓடும்போது உதடு குறுகுறுக்கிறதே, ஏன்?

குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிட்ரேட்டில் ஒரு பங்கு உங்கள் உடம்புக்குள்ளும் வருவதால் கால்சியம் தற்காலிகமாகக் குறைந்து உதடு, மூக்கு நுனி, விரல்கள் குறுகுறுக்கும். வாயில் காசை வைத்த மாதிரி ஓர் உலோகச் சுவையும் வரலாம். "இதெல்லாம் சகஜம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள், சில நிமிடத்தில் அடங்கிவிடும். சொல்லாமல் விட்டால் நெஞ்சுப் படபடப்பு, தசைப்பிடிப்பு என்று வளரும்.

இரண்டில் எது உடம்பை அதிகம் சோர்வாக்கும்?

அன்றைக்குச் சோர்வாக்குவது தட்டணு. அடுத்த சில வாரம் சோர்வாக்குவது முழு ரத்தம். தட்டணு கொடுத்த நாளின் அசதி, நீண்ட பேருந்துப் பயணம் போய் வந்தது போல. தூங்கி எழுந்தால் போயிற்று, எண்ணிக்கையும் சில நாளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். முழு ரத்தத்தின் பாதிப்பு வேறு மாதிரி. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது, நான்காவது படியில் மூச்சு லேசாகக் கேட்கும்.

ஓடுபவர்கள், பளு தூக்குபவர்கள் இதை நன்றாகவே உணர்வார்கள். முழு ரத்தம் கொடுத்தபின் உச்ச உழைப்புக்கான திறன் இரண்டு மூன்று வாரம் குறைந்திருக்கும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் போய்க் கொடுத்துவிட்டு நேரம் கூடிவிட்டதே என்று புலம்பிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கணக்கு. அமெரிக்காவில் முழு ரத்தத்துக்கு 56 நாள் இடைவெளி. இங்கிலாந்தில் ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். தட்டணுவுக்கு இடைவெளி குறைவு. அமெரிக்காவில் ஏழு நாளுக்கு ஒருமுறை, ஆனால் 12 மாதத்தில் 24 முறைக்கு மேல் போகக் கூடாது. உங்கள் இடத்தில் எது விதியோ அதுவே உங்களுக்கு.

ஆனால் அனுமதிக்கப்பட்ட இடைவெளி வேறு, உங்களுக்குத் தகுந்த இடைவெளி வேறு. இங்கிலாந்தில் 45,000-க்கும் மேற்பட்ட டோனர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த 'இன்டர்வெல்' ஆய்வு 2017-இல் வெளியானது. ஆண்களை 12, 10, 8 வாரங்களுக்கு ஒருமுறை என்றும், பெண்களை 16, 14, 12 வாரங்களுக்கு ஒருமுறை என்றும் பிரித்துக் கொடுக்க வைத்தார்கள். அடிக்கடி கொடுத்ததால் ரத்தம் கூடுதலாகக் கிடைத்தது. பொதுவான வாழ்க்கைத் தரத்தில் பெரிய சரிவு தெரியவில்லை. ஆனால் சோர்வு, மூச்சிரைப்பு, தலைசுற்றல், இரவில் கால் ஓயாத உணர்வு ஆகியவை அடிக்கடி கொடுத்தவர்களிடம் அதிகம், குறிப்பாக ஆண்களிடம். ஹீமோகுளோபினும் இரும்பிருப்பும் குறைந்திருந்தன.

ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் அசதி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

விரல் நுனியில் குத்தி அவர்கள் பார்க்கும் ஹீமோகுளோபின், கையிலிருக்கும் ரொக்கம். வங்கியில் போட்டு வைத்திருப்பது ஃபெரிட்டின், அதாவது சேமிப்பு இரும்பு. உடம்பு புத்திசாலி, ரொக்கம் குறையாமலிருக்கச் சேமிப்பை எடுத்துச் செலவு செய்யும். அதனால் சேமிப்பு முழுக்கக் கரைந்த பிறகுகூடச் சில காலம் ஹீமோகுளோபின் நல்ல எண்ணைக் காட்டும். "13.1, சூப்பர், வாங்க" என்பார்கள். நீங்களும் போய் மீண்டும் கொடுப்பீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடத்தில் முழு ரத்தம் மூன்று முறை, இடையில் தட்டணு பல முறை. ஹீமோகுளோபின் எப்போதும் தேறியது. அந்தக் குளிர்காலத்தில் நான் ஐஸ் தின்ன ஆரம்பித்தேன். குளிர்பானமோ ஐஸ்கிரீமோ இல்லை, வெறும் ஐஸ்கட்டி. ஃபிரீசரைத் திறந்து, தட்டிலிருந்து திருகி எடுத்து, கடைவாயில் போட்டுக் கடிப்பேன். அந்தச் சத்தத்திலேயே ஒரு நிம்மதி. ஒரு நாளைக்கு இரண்டு தட்டு. இரவில் படுத்தால் கெண்டைக்காலுக்குள் எறும்புகள் ஓடுவது போலிருக்கும், எழுந்து நடந்தால்தான் நிற்கும். சீப்பில் முடி. வேலைப் பளு என்று நினைத்தேன். பல் மருத்துவரிடம் வேறு விஷயத்துக்குப் போனபோது, கடைவாய்ப் பல்லின் விரிசலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஐஸ் கடிப்பீங்களா? இரும்பு பார்த்தீங்களா?"

ஃபெரிட்டின் 7 வந்தது. 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்று பொருள். ஐஸ் மேல் வரும் அந்தக் கட்டுக்கடங்காத ஆசை இரும்புக் குறைவின் பழைய அடையாளம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில், ஒருநாள் ஃபிரீசரைத் திறந்தபோது ஐஸ் தட்டு நிரம்பியபடி இருந்தது. நான்கு நாளாக அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தட்டணுவில் இரும்பு போகாது என்று நினைத்ததும் என் தவறு. குழாய்களில் தங்கிவிடும் சிவப்பணுக்களும் பரிசோதனைக்கு எடுக்கும் குப்பிகளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வருடத்துக்கு இருபது முறை என்றால் சிறு துளி பெருவெள்ளம்தான்.

அப்படியானால் இரும்பு மாத்திரை போட வேண்டுமா?

ஃபெரிட்டின் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி கொடுப்பவர்கள், மாதவிடாய் உள்ள பெண்கள், பதின்வயதினர், இந்த மூன்று வகையினரும் கட்டாயம் கேட்க வேண்டும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தம் கொடுத்தபின் மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 24 வாரம் கழித்தும் இரும்பிருப்பு பழைய நிலைக்கு வரவில்லை. முதலிலேயே சேமிப்பு குறைவாக இருந்தவர்களுக்கு, இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதத்தைத் திரும்பப் பெற மாத்திரையோடு 32 நாளும் மாத்திரை இல்லாமல் 158 நாளும் ஆயிற்று. நெதர்லாந்தில் ஃபெரிட்டின் 15-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் ஆறு மாதம், 15-க்குக் கீழே என்றால் ஒரு வருடம் என்று டோனர்களை ஓய்வுக்கு அனுப்பும் முறை 2017-இல் தொடங்கியது. எல்லா இடத்திலும் இது வந்தால் நன்றாக இருக்கும்.

மாத்திரையைத் தேநீர், காபியோடு விழுங்காதீர்கள், உறிஞ்சுவது குறையும். வைட்டமின் சி உள்ள பழச்சாறு நல்லது. மலச்சிக்கல் வரும், மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். மாறாக, இரும்பு உடம்பில் மிகுதியாகச் சேரும் பரம்பரைக் கோளாறு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ரத்தத்தை எடுப்பதே வைத்தியம். அதனால் சோதிக்காமல் மாத்திரையை அள்ளிப் போடுவதும் தப்பு.

"இன்றைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. லீவு போட்டு, தண்ணீர் குடித்து, கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு, கடைசியில் ஹீமோகுளோபின் 12.1 என்று வந்து, 12.5 வேண்டும் என்று சொல்லிப் படியிறக்கிவிட்டார்கள். வெளியே வந்து பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை ஓர் இடத்தில் வரவேற்பில் இருந்தவர், "சாப்பிடவே மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். அந்த இடத்துக்கு நான் அப்புறம் போகவில்லை, நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல்முறையிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்களில் பலர் மறுபடி வருவதே இல்லை. அது உங்கள் குணத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. உங்களைக் காப்பதற்கும் அந்த வரம்பு, பெறுபவரைக் காப்பதற்கும் அந்த வரம்பு. காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தேதியைக் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி. கர்ப்பம் தரித்தவர்களின் ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். பெறுபவரின் நுரையீரலை அது பாதிக்கக்கூடும் என்பதால் தட்டணு, பிளாஸ்மா எடுக்கும் முன் பல இடங்களில் கூடுதல் சோதனை செய்வார்கள். பிள்ளை பெற்ற பிறகு எனக்கும் செய்தார்கள். தேறினேன். தேறாவிட்டால் முழு ரத்தம் கொடுக்க வழி இருக்கிறது.

ரத்தம் கொடுத்தால் மாரடைப்பு வராது, எடை குறையும், புது ரத்தம் ஊறி உடம்பு சுத்தமாகும் என்கிறார்களே?

நம்பாதீர்கள். 1998-இல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று டோனர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டது உண்மை. ஆனால் டோனர்கள் என்பவர்களே சலித்தெடுத்தவர்கள். நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சலித்த கூட்டத்தை ஊரோடு ஒப்பிட்டால் நல்ல எண் வரத்தான் செய்யும். எடை குறையாது. 'அழுக்கு ரத்தம்' என்று ஒன்று கிடையாது. சிவப்பணுக்கள் 120 நாளிலும் தட்டணுக்கள் பத்து நாளுக்குள்ளும் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன, நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். தானம் செய்ய இந்தப் பொய்கள் தேவையே இல்லை.

பல வருடம் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை களைத்துப்போகாதா?

அதற்குச் சான்று இல்லை. லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிலையம் உள்ளிட்ட ஒரு குழு, நூறு முறைக்கு மேல் கொடுத்த ஆண்களையும் பத்து முறைக்குக் குறைவாகக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2025-இல் முடிவை வெளியிட்டது. வயதாக ஆக, மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் தண்டு செல்களில் சேரும் மரபணு மாற்றங்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அடிக்கடி கொடுத்தவர்களிடம் கண்ட மாற்றங்களில் சில, ரத்தப் புற்றுநோய்க்கு முன்னோடியானவையிலிருந்து வேறுபட்டவை. இதை வைத்து 'தானம் புற்றுநோயைத் தடுக்கும்' என்று செய்தி போட்டவர்களும் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

தட்டணு கொடுத்தால் நோய் எதிர்ப்பு சக்தி குறையுமா?

சில வகை இயந்திரங்களில் வெள்ளணுக்களைப் பிடித்து வைக்கும் ஒரு சிறு அறை உண்டு. தட்டணுவோடு போகாமலிருக்க அது அவற்றைத் தடுக்கும், ஆனால் தடுத்தவை உங்களுக்கும் திரும்பி வராது. பல வருடம், வருடத்துக்கு இருபது முறை என்று கொடுத்தவர்கள் சிலரின் டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை குறைந்திருப்பதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்குத் தொற்றுநோய்கள் அதிகம் வந்ததாக நிரூபணமாகவில்லை. நான் அதைப் படித்தபின் வருடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, என் மனநிம்மதிக்கு.

கையில் தழும்பு?

முழங்கை மடிப்பில் ஓர் அரிசி அளவுப் பள்ளம் விழுந்திருக்கிறது. நர்ஸுகள் அதைப் பார்த்ததும் முகம் மலர்வார்கள். நீலம் பாய்ந்தால் ஒரு வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். ஊசி ஏறும்போது மின்சாரம் பாய்ந்தது போல விரல்வரை சுரீரென்றால் அது நரம்பில் பட்டதன் அடையாளம், அந்தக் கணமே சொல்லிவிடுங்கள், ஊசியை எடுத்துவிடுவார்கள்.

எப்படியும் இலவசமாக எச்ஐவி சோதனை செய்கிறார்கள், அதற்காகப் போகலாமா?

கூடாது. தொற்றிய முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் பிடிபடாத இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் நீங்கள் கொடுத்தால் அது இன்னொருவர் உடம்புக்குள் போகும். சந்தேகம் இருந்தால் சோதனை மையத்துக்குப் போங்கள்.

தினசரி வாழ்க்கையில் என்ன மாறும்?

சின்னச் சின்னதாக நிறைய. தலைவலிக்கு ஆஸ்பிரினை எடுக்கப்போன கை நின்றுவிடும். ஒரு மாத்திரை, அது தொட்ட தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுதும் செயலிழக்க வைத்துவிடும், சில நாள் காத்திருக்க வேண்டும். பச்சை குத்தும் ஆசை, பயணத் திட்டம், பல் பிடுங்கும் தேதி எல்லாமே 'அடுத்த முறை எப்போது' என்ற காலண்டரைக் கேட்டுக்கொண்டு நடக்கும். முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் படுக்கப் பழகினேன். மற்ற எந்தக் காரணத்துக்காகவும் அது முடிந்ததில்லை.

மனசுக்கு என்ன கிடைக்கிறது?

முதல் சில முறை ஒரு மிதப்பு இருக்கும். கையிலிருக்கும் பிளாஸ்டரைச் சாயங்காலம்வரை எடுக்க மனம் வராது, யாராவது கேட்க மாட்டார்களா என்று சட்டைக்கையை மடித்து விடுவோம். பத்தாவது முறைக்குள் அது போய்விடும். போனது நல்லது என்பேன்.

அதன்பின் வருவது வேறு. தட்டணுவை வழக்கமாக உறைய வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தால் ஐந்து நாள், சில முறைகளில் ஏழு நாள், அவ்வளவுதான் ஆயுள். அதில் சோதனைக்கே ஒன்றிரண்டு நாள் போய்விடும். ஆகவே நான் செவ்வாய்க்கிழமை கொடுத்தது அந்த வாரக் கடைசிக்குள் யாருக்கோ ஏறியிருக்கும், இல்லையேல் கொட்டப்பட்டிருக்கும். கீமோ சிகிச்சையில் தட்டணு 10,000-க்குக் கீழே இறங்கிய ஒருவர், பல் துலக்கினால் ரத்தம் வரும் ஒருவர், இந்த வாரம் என்னுடையதை வைத்து அடுத்த வாரத்தைத் தொடுவார். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியாது. நல்லவரா கெட்டவரா என்றும் தெரியாது. என் மற்ற எல்லா உறவிலும் கொடுக்கல் வாங்கல் கணக்கு உண்டு, இதில் மட்டும் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் கை கட்டிப்போடப்பட்டிருக்கும்போது, வேறு எதையும் செய்ய முடியாது என்பதே பெரிய ஓய்வு.

இருட்டுப் பக்கமும் உண்டு. எண்ணிக்கை ஒரு போதை. ஐம்பதைத் தொட வேண்டும் என்ற அவசரத்தில்தான் நான் உடம்பு சொன்னதைக் கேட்காமல் விட்டேன். கூடவே, அவசரம் என்று அழைப்பு வந்து போக முடியாத நாளில் குற்றவுணர்வு அரிக்கும். அன்றைக்கு நீங்கள் ஒருவர்தான் உலகத்தின் ஒரே டோனர் இல்லை என்பதைச் சொல்லிக்கொள்ளப் பழக வேண்டும்.

என் ரத்தம் யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ளலாமா?

பொதுவாக இல்லை, இரு தரப்பின் அந்தரங்கத்துக்காக. ஸ்வீடனில், கொடுத்த ரத்தம் பயன்பட்டதும் டோனருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். இப்போது வேறு சில இடங்களிலும் உண்டு. பெயர் இருக்காது. ஒரு வரிதான்.

வீட்டில் திட்டுகிறார்கள்.

என் அம்மா, "உன் உடம்புல என்ன ஆறா ஓடுது?" என்பார். வாதம் செய்து பயனில்லை என்று கண்டுகொண்டு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நர்ஸை ஆயிரம் கேள்வி கேட்டார். வரும்போது ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை நான் கிளம்பும்போது, "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வயது வரம்பு ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஹாரிசனை 81-இல் நிறுத்தச் சொன்னார்கள், அவர் விட்டால் தொடர்ந்திருப்பார். 2025 பிப்ரவரியில் 88 வயதில் காலமானார். வரம்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஃபெரிட்டின் ஏறவில்லை, ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்கவில்லை, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்தலாம், ஒரு வருடம் கழித்துத் தொடங்கலாம். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஃபெரிட்டின் 7 வந்தபோது நான் பத்து மாதம் ஒதுங்கியிருந்தேன். திரும்பிப் போன அன்று வரவேற்பில் இருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளாச்சே, எங்க போயிட்டீங்க?" என்றார். இரும்பு சேர்க்கப் போயிருந்தேன் என்றேன். சிரித்தபடி இடது கையா வலது கையா என்று கேட்டார்.